சரசு கேட்ட பெயர்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உருப்படியான வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது, உருப்படாத ஒன்றைக் கையில் எடுத்து அழகு பார்ப்பேன். மற்றவர்கள் நகத்துக்குச் சாயம் பூசுவார்கள். நான் கணினியின் கருப்புத் திரைக்குப் பூசுவேன். கட்டளை தட்டும் இடத்துக்கு முன்னால் ஒரு சின்ன வரி வருமே, பிராம்ப்ட் என்பார்கள், அதற்குத்தான். யார் உள்ளே வந்திருக்கிறார், எந்தக் கணினிக்குள் இருக்கிறார் என்று அறிவித்துவிட்டு, 'ம், சொல்லு' என்று காத்து நிற்கும் வரி. வாசலில் கோலம் போடுவது போலத்தான். கோலம் இல்லாவிட்டால் வீடு இடிந்துவிடாது. ஆனாலும் மனசு கேட்காது.

நான் வேலை பார்ப்பது 'வழித்துணை' என்ற சின்ன அறக்கட்டளையில். தேரடி வீதியில் பாத்திரக்கடை மாடியில் ஒற்றை அறை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்ற வருகிற கூட்டத்தில் குழந்தைகள், வயதானவர்கள், தனியாக விட முடியாதவர்கள் கையில் எண் போட்ட பட்டை கட்டுவோம். பாதையில் எட்டு லிங்கங்களுக்கு அருகே எட்டுச் சாவடிகள். சாவடிக்கு ஓர் ஆள், ஒரு ஸ்கேனர், சோப்பு டப்பா அளவில் ஒரு கணினி. பட்டையின் மேல் ஸ்கேனரைக் காட்டினால் 'பீப்' என்று சத்தம் வரும். எண்ணும் நேரமும் அந்தப் பெட்டியில் ஒரு வரியாக விழும். யாராவது தொலைந்தால், கடைசியாக எந்தச் சாவடியில் பீப் அடித்தது என்று நான் அறையில் உட்கார்ந்தபடியே பார்த்துச் சொல்வேன்.

பெட்டிகளுக்கு லிங்கங்களின் பெயரையே வைத்திருந்தேன். இந்திரா, அக்னி, யமா, நிருதி என்று எட்டு. பதிவாகும் வரியில் இடத்தின் பெயர் இருக்காது. எந்தப் பெட்டியோ அதுதான் இடம். எந்தப் பெட்டி என்பதைச் சொல்வது பிராம்ப்ட். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசி பௌர்ணமிக்கு மூன்று வாரம் முன்னால், எம லிங்கம் சாவடிக்குப் புதிதாகச் சரசக்கா வந்தார். கீழ்பென்னாத்தூர்க்காரர். ரமணாசிரமம் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் வேலை. பௌர்ணமிக்கு மட்டும் எங்களோடு. பெட்டியை எப்படி ஆரம்பிப்பது என்று காட்டுவதற்காக அதை மேசை மேல் வைத்துத் திரையைத் திறந்தேன். பச்சை எழுத்தில் வந்து நின்றது: சரசு@யமா.

சரசக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். விடுதிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களின் மெயில் முகவரியைக் குறித்துக் குறித்து அவருக்கு அந்த எழுத்தெல்லாம் பழக்கம்.

"நடுவுல இருக்கிற சுழி 'அட்' தான? அட்னா 'கிட்ட'னு அர்த்தம்னு எங்க லாட்ஜுல சொல்லுவாங்க."

"ஆமாக்கா."

"அப்ப, சரசு யமன்கிட்டனு போட்டிருக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காத தேவி. எங்க வூட்டுக்காரருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சு நாப்பது நாள் ஆகல. நாள் பூரா இத மூஞ்சிக்கு எதிர்ல வெச்சிக்கினு நான் எப்பிடி உக்காருவேன்? வேற ஆளப் பாத்துக்க."

"அது வெறும் பெட்டி பேருக்கா. எம லிங்கத்துல சூடம் ஏத்திக் கும்புட்டுட்டுதான எல்லாரும் போறாங்க?"

"கும்புடறது வேற, என் பேருக்குப் பக்கத்துல எழுதி வெக்கிறது வேற. குபேரன்னு மாத்திடு. அவர யாரு வேணாம்னு சொல்லப் போறாங்க?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'தெற்கு' என்றாவது வைத்திருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள் என்று வெளியே திமிராகத் திரிந்தாலும், அந்தப் பெட்டிக்குள் நுழையும்போது மட்டும் என் கண் ஒரு நொடி வேறு பக்கம் போகும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காரணம் என் தம்பி இனியன்.

இனியனுக்கு இருபத்து மூன்று வயது. பேச்சு வராது, கூப்பிட்டால் திரும்பமாட்டான். நடப்பதென்றால் உயிர். மலை வலப்பக்கம் இருந்தால் போதும், போய்க்கொண்டே இருப்பான், வந்த வழியில் மட்டும் திரும்பவே மாட்டான். அதைவிடத் தண்ணீர் பிடிக்கும். கண்டால் இறங்கிவிடுவான், நீந்தத் தெரியாது. பதினான்கு வயதில் ஒரு குளத்திலிருந்து அவனைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள். அன்று முதல் ஐப்பசியும் கார்த்திகையும் வந்து குளங்கள் நிரம்பினால் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும்.

ஆகவே மாற்றிக் கொடுத்தேன். பெட்டியின் உண்மையான பெயரை மாற்றுவதென்றால் பத்து இடத்தில் கை வைக்க வேண்டும். அந்தச் சிரமம் எதற்கு? பிராம்ப்டில் மட்டும் மாற்றினேன். குபேரா பெட்டியின் கோப்பிலிருந்து அந்த ஒரு வரியை அப்படியே நகலெடுத்து இங்கே ஒட்டினேன். மஞ்சள் எழுத்து, அதற்கு முன்னால் நான் ஆசையாக வைத்திருந்த குட்டி மலை முக்கோணம், எல்லாம் சேர்த்து. இரண்டு நிமிட வேலை. சரசக்கா திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இதை எங்காவது குறித்து வைக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ஐப்பசி பௌர்ணமி அன்று காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. ஆறரை மணிக்கு அறைக்கு வந்து எட்டுப் பெட்டிகளையும் கூப்பிட்டேன். ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன, ஒன்று மட்டும் வரவில்லை. கூட்டம் ஜாஸ்தியானால் சிக்னல் கம்மியாகிவிடும். ஒன்றிரண்டு பெட்டி முரண்டு பிடிப்பது வழக்கம்தான். வந்த ஏழு பெயர்களையும் பார்த்தேன். யமா இல்லை. சரி, எம லிங்கம் பெட்டிதான் சிக்கவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காப்பி வாங்கப் போனேன்.

எட்டு இருபதுக்கு அம்மா போன் செய்தாள்.

"தேவி, இனியனக் காணோம்டி."

தெருக்கோடி சிவன் கோயிலில் அன்னாபிஷேகத்துக்குக் காய் நறுக்க ஐந்து மணிக்கே போயிருக்கிறாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தானாம். திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது.

"கொண்டி போட்டேனா இல்லியான்னே தெரியலடி. போட்ட மாதிரிதான் இருக்குது. ஐயோ, போடலியோ என்னமோ."

"அழாதம்மா. கையில பட்டை இருக்கில்ல?"

"நேத்து நீ கட்டினது இருக்கும்."

அவன் எண் 2217. பெட்டிக்கு ஒன்றாகத் திரையில் திறந்திருந்த ஏழு சன்னல்களிலும் தேடினேன். ஆறில் இல்லை. மஞ்சள் எழுத்தில் குபேரா என்றிருந்த சன்னலில் ஒரே ஒரு வரி: 2217, ஏழு ஐம்பத்திரண்டு.

கணக்குச் சரியாகவே வந்தது. எங்கள் வீடு ஒத்தவாடை தெருவில். அம்மா கிளம்பிய கையோடு இவனும் கிளம்பியிருந்தால், அவன் வேகத்துக்கு ஏழே முக்கால் வாக்கில் குபேர லிங்கம் போய்ச் சேரலாம். பாதையில் அது கடைசிக்கு முந்தைய லிங்கம். நல்லவேளை, செங்கம் ரோடு பக்கத்துக் குளங்களையெல்லாம் தாண்டிவிட்டான் என்று எனக்கு மூச்சு வந்தது. என் கணவர் பிரகாஷ் போளூர் ரோட்டில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். அங்கிருந்து குபேர லிங்கம் பக்கம்தான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓடச் சொன்னேன்.

அவர்கள் போகிற வழியிலேயே, எட்டு முப்பத்தொன்றுக்கு, மஞ்சள் சன்னலில் இன்னொரு வரி விழுந்தது. 2217. மூன்று நிமிடம் கழித்து மறுபடியும். பிறகு மறுபடியும். அந்த பீப் சத்தம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டில் பழைய ஸ்கேனர் ஒன்றை வைத்துக்கொண்டு நாளெல்லாம் விளையாடுவான். சாவடியில் உட்கார்ந்துகொண்டு ஸ்கேனரை விடமாட்டேன் என்கிறான் போலிருக்கிறது. தனியாக அந்த அறையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

எட்டு ஐம்பத்தேழுக்குப் பிரகாஷ் கூப்பிட்டார்.

"தேவி, சாவடியிலதான் நிக்கறேன். இங்க இல்லடி."

"நல்லாப் பாருங்க. அங்கதான் இருக்கான். இப்பதான் பீப் அடிச்சுது."

"என்னத்தப் பாக்கறது? சாவடி ஆளு வளவன் மட்டும்தான் உக்காந்திருக்காரு. ஸ்கேனர் மேசை மேல சும்மா கெடக்குது. ஒருத்தரும் தொடல."

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கண் முன்னால் ஒரு வரி விழுந்தது. 2217. எட்டு ஐம்பத்தெட்டு.

"இப்ப... இப்ப யாராவது அடிச்சாங்களா?" என்றேன். "இல்லனு சொல்றேன்ல" என்றார். ஸ்கேனரை யாரும் தொடவில்லை. அங்கே இனியனும் இல்லை. ஆனால் அவன் கை அங்கே நீண்டுகொண்டே இருக்கிறது.

பயம் வந்துவிட்டால் புத்தி போகிற போக்கு இருக்கிறதே, சொல்லி மாளாது. பட்டையை யாரோ அறுத்து எடுத்துவிட்டார்கள். பட்டை ஒருவன் கையில், தம்பி வேறெங்கோ. யார், எதற்கு? அங்கே சாலைக்கு அந்தப் பக்கம் புதர்க்காடு, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள். பிரகாஷ் ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் போனார்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை அம்மா பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே போனாளாம். நான் சன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒன்பது இரண்டு. ஒன்பது ஐந்து. ஒன்பது ஏழு. ஒவ்வொரு வரி விழும்போதும் யாரோ என் பிடரியைத் தொட்டுவிட்டுப் போவது போல இருந்தது. நிறுத்தித் தொலைக்கமாட்டார்களா என்று இருந்தது. நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்றும் இருந்தது.

ஒன்பது இருபதுக்குப் பிரகாஷ் திரும்பவும் கூப்பிட்டார்.

"கெணத்துல எல்லாம் பாத்தாச்சு. இல்ல. போலீஸ்லயும் சொல்லிட்டேன். தேவி, இன்னொண்ணு. வளவன் சொல்றாரு, இங்க பெட்டியில காலையிலருந்து பச்ச லைட்டே எரியலயாம். ஒரு எண்ணு கூட ஏறலயாம்."

"ஓடாத பெட்டி எப்பிடிங்க வரி அனுப்பும்?"

"என்னக் கேட்டா?"

வளவனிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, பெட்டியை அணைத்து மறுபடி போடச் சொன்னேன். முதல் முறை வரவில்லை. கூரைக்கு வெளியே கொண்டுபோய்ப் பிடிக்கச் சொன்னேன். ஒன்பது நாற்பதுக்கு என் திரையில் புதிதாக ஒரு சன்னல் திறந்தது. குட்டி மலை முக்கோணம். மஞ்சள் எழுத்து. குபேரா. அதற்குள் ஒரு வரிகூட இல்லை.

அதற்குப் பக்கத்திலேயே பழைய சன்னல். அதே முக்கோணம், அதே மஞ்சள், அதே குபேரா. அதில் 2217, ஒன்பது நாற்பத்தொன்று.

இரண்டு குபேரனையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு சரசக்காவின் முகம் ஞாபகம் வந்தது, கன்னத்தில் போட்டுக்கொண்ட கைகளோடு.

பழைய சன்னலில், உன் பெயர் என்ன என்று பெட்டியையே கேட்கும் கட்டளையைத் தட்டினேன். எட்டே எழுத்துள்ள கட்டளை. காலையிலேயே தட்டியிருக்க வேண்டியது. பெட்டி ஒரே வார்த்தையில் பதில் சொன்னது. யமா.

ஐந்து மணிக்குக் கிளம்பிப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனவன் இல்லை அவன். ஏழு மணிக்குக் கிளம்பி மூன்று நான்கு கிலோமீட்டர் போனவன். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரமாக எம லிங்கத்தில் இருக்கிறான். எம லிங்கத்துக்கு எதிரே குளம். போன வார மழையில் மேல்படி வரை தண்ணீர். என்னைப் பெற்ற தாயையும் கட்டிய கணவரையும் மலையின் அந்தப் பக்கத்துக்கு அனுப்பிக் கிணறு கிணறாக எட்டிப்பார்க்க வைத்திருக்கிறேன்.

சரசக்காவுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பிரகாஷிடம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் லைன் போயிற்று. அங்கிருந்து அவர்கள் கூட்டத்தை நீந்தி வர ஒரு மணி நேரமாவது ஆகும். பக்கத்தில் இருப்பவள் நான்தான். கிளம்பும்போது கடைசியாகத் திரையைப் பார்த்தேன். ஒன்பது நாற்பத்தாறில் ஒரு வரி. அதற்குப் பிறகு இல்லை. ஒரு நிமிடம் பார்த்தேன், இரண்டு நிமிடம் பார்த்தேன், ஒன்பது ஐம்பது ஆயிற்று. வரி விழவே இல்லை.

செங்கம் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. சாலை முழுக்க வெறுங்கால் கூட்டம், அரோகரா சத்தம், அன்னதானப் பந்தல் வரிசை. "பாத்துப் போம்மா" என்று ஒருவர் திட்டினார். கையில் போனைத் திறந்தே வைத்திருந்தேன். அதில் அந்த மஞ்சள் சன்னல். அக்னி லிங்கம் தாண்டும்போது பார்த்தேன், இல்லை. ஆசிரமத்து வாசலில் பார்த்தேன், இல்லை. சாமி கும்பிடக்கூட எனக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை. எந்தப் பெயரை எழுதக் கண் கூசியதோ அதையே சொல்லிக்கொண்டு ஓடினேன். எமதர்மா, விட்டுடு. எமதர்மா, அவன விட்டுடு.

சாவடியில் ஆள் இல்லை. நாற்காலி சாய்ந்து கிடந்தது. சரசக்காவின் பை மேசைக்கடியில். ஸ்கேனர் தரையில், விளக்கு அணைந்து. பக்கத்தில் பூ விற்கும் பெண், நான் கேட்பதற்கு முன்பே கையை நீட்டிக் காட்டினாள்.

"அந்தப் புள்ள எழுந்து கொளத்துப் பக்கமா ஓடிச்சு. இந்தம்மா பின்னாலயே ஓடுச்சு."

குளக்கரையில் கூட்டம். எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பத்தடி தூரத்தை எப்படிக் கடந்தேன் என்று எனக்குத் தெரியாது. பார்க்கக் கூடாது என்றுதான் கண்ணை மூடினேன்.

திறந்தபோது, தண்ணீரில் சரசக்காவின் தலையும் தோளும் தெரிந்தன. புடவை முந்தானையை இனியன் இடுப்பில் சுற்றித் தன் கையில் முடிந்திருந்தார். இனியன் கழுத்தளவு தண்ணீரில் இன்னும் உள்ளே போக இழுத்துக்கொண்டிருந்தான், முகமெல்லாம் சிரிப்போடு. சரசக்காவின் கால் பாசியில் வழுக்குவது தண்ணீர் ஆடுகிற ஆட்டத்திலேயே தெரிந்தது. இரண்டு பேர் சட்டையோடு குதித்தார்கள். நானும் இறங்கினேன். நாலு பேருமாகச் சேர்ந்து அவனைப் படியில் போட்டோம்.

அவன் எழுந்து உட்கார்ந்து என் ஈரமான கையைத் தட்டிச் சிரித்தான். நான் அவன் தலையை மடியில் இறுக்கிக்கொண்டு ஊர் பார்க்க அழுதேன்.

சரசக்காவுக்கு மூச்சு வாங்கியது. "உன் தம்பியா?" என்றார். தலையாட்டினேன்.

"செவப்புக் கோடு போட்ட பட்ட. அந்த மாதிரி ஆளு தனியா வந்தா விடக் கூடாதுனு நீதான சொன்ன. புடிச்சு உக்கார வெச்சேன். வாழப்பழம் குடுத்தேன். உனக்குப் போன் போட்டா போவல. போலீசுகிட்ட சொன்னேன், மைக்குல சொன்னாங்க, யாரும் வரல. எழுந்து எழுந்து ஓடறான். அந்த பீப் சத்தம் கேட்டா மட்டும் உக்காந்துக்கறான். சரி, இத அடிச்சிக்கினே இருந்தா இவனும் உக்காந்திருப்பான், உனக்கும் அங்க தெரியும்னு அடிச்சிக்கினே இருந்தேன். சார்ஜ் தீந்து சத்தம் நின்னுச்சு பாரு, எழுந்தான், ஓடிட்டான்."

புடவையைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல அடிச்சேன் தேவி. ஒண்ணு கூடவா உனக்கு வந்து சேரல?"

"வந்துதுக்கா. எல்லாமே வந்துது."

"அப்பறம் ஏன் வரல?"

சொன்னேன். குளத்துப் படியிலேயே உட்கார்ந்து, இரண்டு நிமிடத்தில் நான் செய்த வேலையைச் சொன்னேன். சரசக்கா ஈரக்கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு மூன்று பேருமாகச் சாவடிக்கு வந்தோம். பூக்காரப் பெண் தன் கடை விளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்கேனருக்குச் சார்ஜ் கொடுத்தாள். நான் பெட்டியின் கோப்பைத் திறந்து, மஞ்சள் வரியைச் சரசக்கா கண் முன்னாலேயே அழித்தேன். பச்சை எழுத்து திரும்பி வந்தது. சரசு@யமா. அவர் அதை ஒரு முறை படித்தார். சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, அதன் எதிரே உட்கார்ந்தார். இனியன் தானாகவே கையை நீட்டினான். பீப்.

என் போனில் வரி விழுந்தது. அப்போதுதான் அம்மாவின் அழைப்பும் வந்தது. அந்தப் பக்கம் அவள் மூச்சு இரைப்பது கேட்டது. எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயரை நான்தான் முதலில் சொன்னேன்.

"எம லிங்கத்துக்கிட்ட இருக்கான்மா. என் கைய புடிச்சிக்கினு இருக்கான். மெதுவா வா."